முன்னுக்கு எமில் ஐயா, பின்னுக்கு விமலதுங்க

பையை மேலே வைக்கச் சொல்லாதேயுங்கோ பிள்ளை. மேலே வைத்தால் மண்ணெண்ணெய் சொட்டும். கீழே வைத்தால் பஸ்ஸில் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் மிதிப்பான். மடியிலேயே இருக்கட்டும். மணக்குதோ? யன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்கோ. உள்ளே இருப்பது ஒரு காபரேட்டர். எஞ்சினுக்குள்ளே எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான். பழைய சேர்ட்டில் சுற்றித்தான் கொண்டு வருகிறேன். மண்ணெண்ணெய் சேர்ட்டுக்கு அடங்குமோ? மற்றப் பையில் சாப்பாடு, தங்கச்சி கட்டித் தந்தது. எனக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேணுமாம். இன்றைக்குப் பசியே இல்லை.

பிள்ளை கம்பசோ? நல்லது, படியுங்கோ. நானும் யாழ்ப்பாணத்துக்குத்தான் போகிறேன். அங்கே ஒரு கடையில்தான் இந்த எஞ்சினுக்குச் சாமான் இருக்கு.

இது என்னுடைய காபரேட்டர் இல்லை, கேட்டீங்களோ. லெம்பேட்டினுடையது. லெம்பேட் என் தங்கச்சி றீற்றாவைக் கட்டினவன். எனக்கு மச்சான். அவனோடு நான் கதைக்கிறதில்லை. போன ஜனாதிபதித் தேர்தலோடு நிறுத்தினது. எட்டு மாதம்.

பிறகு ஏன் அவனுடைய சாமானை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேணும். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு நெஞ்சு எரியுது.

எங்கள் ஊர் வெள்ளைமுனை. பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்கள். எமில் ஐயாவுக்கே அது சரியாக நினைவில் இல்லை. அதை விடுவம், பிறகு வரும்.

பத்தொன்பது வருசம் நானும் லெம்பேட்டும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறோம். வள்ளம் என்னுடையது. எஞ்சின் அவனுடையது. கூட ஒரு ஆள், சந்தியோகு அண்ணை. அறுபத்தெட்டு வயது, முழங்கால் நோ, ஆனால் வலை இழுத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சமம். பிடிக்கிற மீனில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிப்போம். மிச்சத்தில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பத்தொன்பது வருசத்தில் பங்குக்காக ஒரு வார்த்தை பிசகினதில்லை. கோயில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாலும் இதையே சொல்லுவேன்.

பிசகினது எமில் ஐயாவால். இல்லை, அவரால் இல்லை, அவர் என்ன செய்தார் பாவம். லெம்பேட்டால்.

எமில் ஞானசேகரம். ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். நீங்கள் கண்டிருப்பீங்கள், கண்ணாடியும் வெள்ளைத் தாடியுமாகச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. அவருடைய தகப்பன் எங்கள் ஊரில் தபாலதிபர். ஆறு வயது வரைக்கும் எமில் ஐயா வெள்ளைமுனையில்தான் ஓடித் திரிந்தவர். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணி குடித்தவர். அந்தக் கிணற்றடியில் விழுந்து முழங்கால் பிளந்தபோது என் அம்மாதான் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி விட்டவ. அப்படிப்பட்ட ஒரு மனிசர் நாட்டுக்குத் தலைவராக வரப்போறார் என்றால் பிள்ளை, எங்களுக்கு வேறு யோசனை வருமோ? வரலாமோ?

எங்கள் வாடி தெரியுமோ, கரையில் வலை வைக்கிற கொட்டில். அங்கேதான் கதை எல்லாம். கிழிந்த வலை பொத்துகிற கை பொத்திக்கொண்டிருக்கும், வாய் நாட்டை ஆளும். நான் எமில் ஐயாவின் முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். நிலம், மொழி, அதிகாரம், எல்லாம் இருந்தது. லெம்பேட் வலையிலிருந்து தலையே நிமிர்த்தாமல் கேட்டான்:

"மச்சான், அதில மண்ணெண்ணெய் எத்தினையாம் பக்கம்?"

"பெரிய மனிசர் அப்பிடிச் சில்லறை விசயம் எழுத மாட்டினம்" என்றேன்.

"அப்ப நீ சில்லறை விசயத்தை ஊத்தாமல் ஒருக்கா கடலுக்குப் போயிட்டு வா, பாப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் விடவில்லை.

"அவர் எங்கட ஊர் ஆள் லெம்பேட்."

"பிறந்தது கொழும்பு ஆசுப்பத்திரியில."

"வளந்தது இஞ்ச!"

"ஆறு வயசுக்குள்ள வளந்து முடியிறதுக்கு அவர் என்ன, பூசணிக் கொடியோ? மச்சான், கோவிக்காத. எங்கட எஞ்சின் மண்ணெண்ணெயில ஓடுது. அவற்ற பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில ஓடேல்ல."

தேர்தலில் அவனுடைய ஆள் விமலதுங்க. தெற்கில் எங்கேயோ ஊர். மீனவனுக்குப் பாதி விலையில் மண்ணெண்ணெய் தருவேன் என்று துண்டுப் பிரசுரம் அடித்திருந்தார். தமிழில் அடித்ததில் எழுத்துப் பிழை மட்டும் ஒன்பது, நான் எண்ணினேன்.

"அவர் உன்னை எங்கையாவது கண்டவரோ?" என்று கேட்டேன்.

"என்னை ஏன் காணவேணும்? நான் எண்ணெயைக் கண்டால் போதும்."

அப்போது எண்ணெய் விலை உங்களுக்குத் தெரியும்தானே. மீனவர் சங்கத்தில் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்துதான் தருவார்கள். அதுவும் வந்தால். விடியவே போய் வெறும் எண்ணெய்க் கானை வரிசையில் வைத்துவிட்டு வருவோம். கான் நிற்கும், நாங்கள் வீட்டில் நிற்போம். கரண்ட் பில் வேறு. றீற்றா மின்விசிறியை மறந்து போட்டாலும் லெம்பேட் நிறுத்திவிட்டுக் கடுதாசி மட்டையால் விசிறுவான். நான் அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் என்று ஒன்று இருக்குதல்லோ.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், எஞ்சின் மூடியில் விமலதுங்கவின் படம். வட்டமாக, சிரித்துக்கொண்டு. ஒட்டினது லெம்பேட். எஞ்சின் அவனுடையது, நான் ஒன்றும் சொல்லேலாது. நான் பேசாமல் போய் எமில் ஐயாவின் பெரிய படத்தை வள்ளத்தின் அணியத்தில், முன்மூக்கில், ஒட்டினேன். வள்ளம் என்னுடையது, அவன் ஒன்றும் சொல்லேலாது. அப்படியே இரண்டு கிழமை தொழிலுக்குப் போனோம். முன்னுக்கு எமில் ஐயா, பின்னுக்கு விமலதுங்க. கரையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்: "சூசை, போறது ஆர், தள்ளுறது ஆர்?"

என் பெயர் சூசைதாசன். சூசை என்றுதான் கூப்பிடுவார்கள்.

சந்தியோகு அண்ணையை இந்தக் கதைக்குள் இழுத்தால், "எனக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான். முழங்காலுக்கு மருந்து தாறவர் ஆரெண்டு சொல்லுங்கோ, அவருக்குப் போடுறன்" என்பார்.

பிறகு ஒரு நாள் விமலதுங்கவின் படம் கழன்று விட்டது. நான் கிழிக்கவில்லை, பிள்ளை. கடல் தண்ணி பட்டுப் பட்டு ஒரு மூலை எழும்பி நின்றது. நான் அதற்குக் கொஞ்சம் உதவி செய்தேன், அவ்வளவுதான். லெம்பேட் வந்தான், மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திருகுசாவியை எடுத்தான், இரண்டு இறுக்கியிலும் இரண்டு திருகு. எஞ்சினைக் கழற்றித் தன் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து போனான். இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற எஞ்சின் அது. அவனுக்கு நாரி நோவு, இடுப்புப் பிடிப்பு வேறு. நான் போய் ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். அவன் கேட்கவில்லையே.

அவன் அதைத் தன் தம்பியின் வள்ளத்தில் பூட்டினான். எனக்கு வள்ளம் இருக்கு, எஞ்சின் இல்லை. சங்கத்தில் கிடந்த ஒரு பழைய எஞ்சினை வாங்கிப் பூட்டினேன். அது எண்ணெய் குடிக்கிற குடி இருக்கே, கலியாண வீட்டில் வந்த வெளியூர்க்காரன் மாதிரி.

அந்த நேரம்தான் எமில் ஐயா வெள்ளைமுனைக்கு வருகிறார் என்று சேதி. நான் சும்மா இருப்பேனோ? எங்கள் ஊர்ப் பெருநாளுக்கு ஆயரை நாங்கள் தெருவால் கொண்டு வருவதில்லை. இறங்குதுறையில் வள்ளத்தில் ஏற்றி, மற்ற வள்ளங்கள் சுற்றிவர, கடலால் கோயிலுக்குக் கொண்டு வருவோம். அதுதான் எங்கள் முறை. எமில் ஐயாவையும் அப்படித்தான் கொண்டு வரவேணும் என்று நான் சொன்னேன். ஏழு வள்ளம் வருகிறோம் என்றார்கள். வந்தது மூன்று. மற்ற நாலு பேருக்கும் அன்றைக்கென்று வயிற்றுக்குத்து.

காலை எட்டு மணிக்கு இறங்குதுறைக்கு நேரே போய் நின்றோம். நின்றோம் என்றால் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தென்மேற்குச் சோளகக் காற்று முடியாத காலம், இறங்குதுறையில் அலை அடித்து மோதும். எஞ்சினை ஓட விட்டுக்கொண்டுதான் நிற்கவேணும். ஒன்பது, பத்து, பதினொன்று. என் அந்தக் கிழமை எண்ணெய் முழுக்க அந்த ஒரே இடத்தில் நின்று எரியுது. சந்தியோகு அண்ணை கேட்டார், "சூசை, இது மீன் வாற இடமோ?" அணியத்தில் நான் கட்டுவித்த செவ்வரத்தை மாலை வாடிக்கொண்டு கிடந்தது.

பதினொன்றரைக்குக் கோயில் மணி அடித்தது. என்ன என்று பார்த்தால், அவர் தெருவால் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி ஏற்றின வாகனத்தில் வந்தவர். நான் ஓடிப் போனேன். மாலை வள்ளத்திலேயே கிடக்கு. பன்னிரண்டு நிமிசம் பேசினார். நல்ல பேச்சு. "வெள்ளைமணல் மக்களே" என்று இரண்டு தரம் சொன்னார். வெள்ளைமணல் வேறு ஊர். பெரிய மனிசருக்கு எத்தனை ஊர், ஒரு எழுத்து முன்னே பின்னே போகும்.

இறங்கி வரும்போது நான் கிட்டப் போய்ச் சொன்னேன்: "ஐயா, எங்கட கிணத்தடியிலதான் நீங்கள் விழுந்து முழங்கால் பிளந்தது. என்ர அம்மாதான் கட்டினவ."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது என் அண்ணர்" என்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

அண்ணர் என்றால் என்ன? ஒரே இரத்தம்தானே. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. லெம்பேட் அங்கே மதிலோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டு நின்றான். சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவன் சிரிக்கவும் இல்லை. அது இன்னும் கோபம்.

அடுத்த நாள் கானில் மிச்சம் கிடந்த எண்ணெயோடு தொழிலுக்குப் போனேன். போய்வர அது காணும், போதும் என்று நினைத்தேன். காணவில்லை. வலை இழுத்து முடித்துத் திரும்புகிற நேரம் அந்தக் கிழட்டு எஞ்சின் இரண்டு தரம் இருமிப் படுத்து விட்டது. கானைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு துளி இல்லை. நங்கூரக் கயிறு அந்த ஆழத்துக்கு எட்டவில்லை. காற்று வெளிக்கடலுக்குத் தள்ளுது. கோயில் கோபுரம் விரல் அளவு, பிறகு நகத்தளவு, பிறகு அதுவும் இல்லை. சந்தியோகு அண்ணை செபமாலையை எடுத்துவிட்டார். நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை பிள்ளை, அன்றைக்கு எனக்கு எமில் ஐயாவும் நினைவில் இல்லை, விமலதுங்கவும் நினைவில் இல்லை. என் மனிசியின் முகம்தான் வந்தது.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது ஒரு எஞ்சின் சத்தம். பத்தொன்பது வருசம் கேட்ட சத்தம், பார்க்காமலே தெரிந்தது. லெம்பேட். நாங்கள் கரைக்கு வரவில்லை என்று தேடி வந்திருக்கிறான். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கயிற்றைச் சந்தியோகு அண்ணைக்கு எறிந்தான். கட்டினோம், இழுத்தான்.

கரையில் ஊரே நிற்குது. அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு, என் அணியத்தில் எமில் ஐயாவின் படம், அதன் மேல் காய்ந்த மாலை. ஆரோ ஒருத்தன் கூவினான்: "மாப்பிள்ளையைக் கொண்டு வாறாங்கள், வெடியைக் கொளுத்துங்கோடா!" அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கு. அவன் நினைத்திருந்தால் வடக்குப் பக்கத்தால் ஆள் இல்லாத இடத்தில் கொண்டு வந்து விட்டிருக்கலாம். அந்தப் பக்கம் கல் என்று றீற்றா சொல்லுகிறா. கல்தான். இருந்தாலும்.

எங்கள் கரையில் ஒரு முறை இருக்கு. கடலில் கட்டி இழுத்து வந்தவனுக்குக் கூலி கொடுக்கக் கூடாது, எண்ணெய்க் காசும் கொடுக்கக் கூடாது. ஆனால் அவன் கரையில் நின்று ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வழமையாக ஒரு நல்ல மீனைக் கேட்பார்கள். நான் அறக்குளா மீன் ஒன்றைத் தூக்கிச் சந்தியோகு அண்ணையின் கையில் கொடுத்தேன்.

லெம்பேட் அவரிடம் சொன்னான், என்னிடம் இல்லை: "மீன் வேண்டாம் அண்ணை. அவற்ற முதலாம் விருப்பு வாக்கு அவற்ற ஆளுக்கே இருக்கட்டும். ரெண்டாவதை விமலதுங்கவுக்குப் போடச் சொல்லுங்கோ."

ஊர் முழுக்க நிற்கிற கரையில்! ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பேருக்கு வரிசை போடலாம், உங்களுக்குத் தெரியும், படித்த பிள்ளை. எங்கள் ஊரில் ஆரும் அதுவரை இரண்டு போட்டதில்லை. ஒன்றைப் போட்டு மடித்துவிட்டு வருவோம். நான் என்ன செய்ய? முறை முறைதான். தலையை ஆட்டினேன்.

வாக்குச் சாவடிக்குள்ளே நானும் பேனையும்தான். நான் போடாமல் விட்டால் ஆருக்குத் தெரியும்? ஆனால் கடலில் வைத்து இழுத்தவனுக்குக் கரையில் வைத்துத் தலை ஆட்டினது. எமில் ஐயாவுக்கு ஒன்று போட்டேன். விமலதுங்கவுக்கு இரண்டு போட்டேன். பேனை மேசையில் கட்டியிருந்தது, அல்லது நான் அதை எறிந்திருப்பேன்.

பிறகு நடந்ததுதான் அநியாயம். முதல் எண்ணிக்கையில் ஒருத்தருக்கும் பாதி வரவில்லை. முன்னுக்கு நின்ற இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் விலக்கினார்கள். எமில் ஐயாவும் போனார். விலக்கினவர்களின் சீட்டில் இரண்டாவது ஆருக்கு என்று பிரித்து எண்ணினார்கள். றேடியோவைச் சுற்றி வாடி நிறைய ஆள். விமலதுங்க வென்றார்.

லெம்பேட்டைத் தூக்கினார்கள். அவன் கையைத் தட்டி விட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "என்னை ஏன்ரா தூக்கிறியள்? அவரை வெல்ல வைச்சது என்ர வாக்கில்லை. சூசையின்ர வாக்கு. கேட்ட ஒண்டை மறைக்காமல் போட்ட மனிசன்."

பார்த்தீங்களோ, எப்படிக் குத்தினான் என்று? அன்றைக்குத் தொடங்கினது பிள்ளை. எண்ணெய் விலை பத்து ரூபாய் இறங்கியது, பிறகு பன்னிரண்டு ஏறியது. லெம்பேட்டை ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள். கோயில் வாசலில், சந்தையில், சலூனில். "சூசை, உன்ர ஜனாதிபதி எப்ப பாதி விலைக்குத் தரப்போறார்?" என் ஜனாதிபதியாம்! என் ஆள் எமில் ஐயா. அவர் தோற்று, கொழும்புக்குப் போய், ஒரு நன்றிக் கடிதம் கூடப் போடவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் கரைக்குப் போகிறேன், என் வள்ளத்தில் லெம்பேட்டின் எஞ்சின் பூட்டியிருக்கு. மூடி கழுவித் துடைத்து, படம் ஒன்றும் இல்லாமல். அவன் தள்ளி நின்று வலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் ஏறினேன், அவன் ஏறினான், போனோம். இன்றைக்கும் போகிறோம். ஒரே வள்ளம், ஒரு சொல் இல்லை. "அண்ணை, இடது பக்கம் திருப்பச் சொல்லுங்கோ" என்று நான் சொல்லுவேன். ஐந்து முழம் தள்ளி இருக்கிறவனிடம் சந்தியோகு அண்ணை திரும்பி, "இடது பக்கமாம்" என்பார். "எனக்குக் காது கேக்கும் எண்டு சொல்லுங்கோ" என்பான் அவன். "கேக்குமாம்" என்பார். அந்த மனிசனுக்கு முழங்காலோடு இப்போது வாயும் நோ.

அவன் முதலில் வாய் திறக்கட்டும். நான் திறக்க மாட்டேன்.

இப்போது வருகிற எண்ணெயில் கசடும் தண்ணியும். அதுதான் காபரேட்டர் இப்படி அடைத்துப் போனது. அவனுக்கு நாரி நோ, மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கேலாது. அதனால் நான் கொண்டு போகிறேன். என் வள்ளமும்தானே கரையில் கிடக்கு, அதுக்காகத்தான்.

ஒரே ஒரு சிக்கல் பிள்ளை. உள்ளே இருக்கிற ஊசியை மட்டும் மாற்றுவதோ, முழுசாக மாற்றுவதோ என்று நான் கேட்கவில்லை. கேட்பதென்றால் கதைக்க வேணுமே. சந்தியோகு அண்ணை நேற்றுப் பேத்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

உங்களிடம் போன் இருக்குத்தானே? ஒருக்கா அவனுக்கு எடுத்துக் கேட்பீங்களோ? என் போனில் நம்பர் இல்லை, தேர்தலோடு அழித்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அடியுங்கோ, பத்து இலக்கமும் தெரியும். கடையிலிருந்து கேட்கிற மாதிரிக் கேளுங்கோ. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிப் போடாதேயுங்கோ.

ம். ம். என்னவாம்? ஊசியும் மிதவையும் மாற்றினால் காணுமாம். முழுசா வேண்டாமாம். சரி, நல்லது. வேறு ஏதோ சொன்னான்போல கிடந்தது. என்ன?

பக்கத்தில் இருக்கிறவர் சீனி வருத்தக்காரன், பன்னிரண்டு மணிக்கு முதல் சாப்பிட்டுவிட வேணும் என்று சொன்னானோ? நீங்கள் நான் இருக்கிறது சொன்னீங்களோ? சொல்லவில்லைத்தானே? நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், நீங்கள் சொல்லவில்லை.

பார்த்தீங்களோ பிள்ளை அவனுடைய திமிரை? எட்டு மாதம் என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் இல்லை. ஆரோ பெத்த பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறான். இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வருகிறேன், இந்தக் குணத்தைத்தான்.

மணி என்ன இப்போது? பன்னிரண்டுக்குப் பத்தோ?

இந்தாங்கோ, இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கோ, நான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கிறேன். நிமிர்த்திப் பிடியுங்கோ. கவனம், சொட்டும்.